ரெண்டு லைனும் சார்ஜ்ல

எங்காத்துக்காரர் ராஜகோபாலன் மின்சார வாரியத்துல முப்பத்திரண்டு வருஷம் சப்ஸ்டேஷன் இன்ஜினியரா இருந்தவர். ஒரு டிரான்ஸ்பார்மர் போனா அடுத்தது அந்த நிமிஷமே எடுத்துக்கணும், அதுக்கு அது எப்பவும் சார்ஜ்லயே, கரண்ட் பாய்ஞ்சபடியே நிக்கணும். இதான் அவரோட வேதம். ரிடையர் ஆகி ராஜா அண்ணாமலைபுரம் பிளாட்டுல உக்காந்தப்புறம் வேதத்தைக் காப்பாத்த ஒண்ணும் அகப்படலை. தொண்ணூத்தொம்பதுல கம்ப்யூட்டர் வாங்கினார், அகப்பட்டுடுத்து.

எங்க ஒரே பொண்ணு ஹம்சா அமெரிக்காவுல நிறைமாசம். என் நெஞ்சுக்கு அவ்வளவு நேரம் பிளேன் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மாப்பிள்ளை சுஹாஸ், ஆஸ்பத்திரிலேர்ந்தே மெயில் போடறேன்னான். அவ்வளவுதான், இவருக்கு ஜுரம் வந்த மாதிரி ஆயிடுத்து. அந்த நேரம் பார்த்து இன்டர்நெட் கட் ஆயிட்டா?

ஆனா ஹம்சா கேட்டது வேற. "பிரசவத்துக்கு உள்ள கூட்டிண்டு போறதுக்கு முன்னாடி உன் குரலைக் கேக்கணும்மா, பயமா இருக்கு"ன்னா. போன் பக்கத்துலயே உக்காந்திருக்கேண்டின்னு வாக்கு குடுத்தேன். எனக்கு மெயிலும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம், அந்த ஒரு போன் போதும்.

இவர் ரெண்டு கம்பெனில இன்டர்நெட் கணக்கு எடுத்தார். போன் லைன்ல மாட்டற மோடம் ரெண்டு; அது ஓடறச்சே அந்த போன்ல பேசவும் முடியாது, யாரும் கூப்பிடவும் முடியாது. நம்மாத்து போன்ல ஒண்ணு. இன்னொண்ணுக்கு லைன்? மாடி ஸ்ரீரங்கனைப் பிடிச்சார். எங்களுக்கு போன் வராத நாள்ல ஸ்ரீரங்கன் நம்பரைத்தான் பி.பி.ன்னு போட்டு ஊரெல்லாம் குடுத்திருந்தோம். ஹம்சா கையில இன்னிக்கும் எங்க நம்பர், அவர் நம்பர்னு அந்த ரெண்டுதான். பிரம்மச்சாரி மனுஷன், பேச ஆளில்லை, தாராளமா எடுத்துக்கோங்கோன்னுட்டார். அவராத்து போன்லேர்ந்து ஒயரு பால்கனி வழியா இறங்கி, என் துணிக்கொடில ஒரு சுத்து சுத்திண்டு எங்க ஹாலுக்குள்ள வந்துது.

"ஒண்ணு கட் ஆனா இன்னொண்ணைப் போட்டா போறாதா?"ன்னு கேட்டேன்.

"அது திரும்ப லைன் கிடைக்கப் பத்து நிமிஷம் ஆகும் ஜானு. ரெண்டும் ஒரே சமயத்துல ஓடிண்டே இருக்கணும்."

பிரசவத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்துது. அந்த வியாழக்கிழமை கார்த்தால ஆறு மணிக்கு, "இன்னிக்கு ஒத்திகை"ன்னு உக்காந்தார். ரெண்டு மோடமும் கீச்சுகீச்சுன்னு கத்தி அடங்கித்து. நான் போனை எடுத்துப் பார்த்தேன், காதுல ஒரே இரைச்சல்.

"ஒண்ணையாவது விடுங்கோளேன். குழந்தை கூப்பிட்டா?"

"அடுத்த வாரம்தானே? ஒத்திகைன்னா முழுசா பண்ணணும்."

காய் நறுக்கறதைக்கூட போன் ஸ்டூல் பக்கத்துலயே வச்சுண்டு நறுக்கினேன். பழக்கம்.

பத்து மணிக்குக் கையைத் தேய்ச்சுண்டு எழுந்தார். "நாலு மணி நேரம். ரெண்டு லைன்லயும் ஒரு கட் இல்லை." வாரியத்துல மெடல் வாங்கின அன்னிக்குக்கூட முகத்துல அந்த வெளிச்சம் இல்லை. அப்பத்தான் மெயில் ஒண்ணு வந்துது. "பார்த்தியா, கரெக்டா வந்துடுத்து"ன்னு சத்தமா வாசிக்க ஆரம்பிச்சார்.

பெண் குழந்தை. ரெண்டு பேரும் சௌக்கியம். வலி ஒரு வாரம் முன்னாடியே வந்துடுத்தாம், ஆபரேஷன் ஆயிடுத்தாம். உள்ள போறதுக்கு முன்னாடி ஹம்சா ரெண்டு நம்பருக்கும் மாத்தி மாத்திப் போட்டாளாம். ரெண்டும் எங்கேஜ்டாவே இருந்துதாம். இதை வாசிக்கறச்சே அவர் குரல் இறங்கிடுத்து.

நான் அவரைத் திட்டலை. அவரே போய் ரெண்டு ஒயரையும் பிடுங்கினார், அவரே மெயில்ல இருந்த ஆஸ்பத்திரி நம்பரைச் சுத்தி என் கையில குடுத்தார். சுஹாஸ் எடுத்தான். மயக்கத்துல இருக்கா, எழுந்ததும் பேசச் சொல்றேன்னான்.

சாயங்காலம் ஹம்சா கூப்பிட்டா. குழந்தைக்கு நிறைய முடின்னா, மூக்கு அப்பா மாதிரின்னா.

"நான் கூப்பிட்டப்போ எங்கேம்மா போயிருந்தே?"ன்னா.

"ஆத்துலதாண்டி இருந்தேன்"னேன். "போன் பக்கத்துலயே."