பச்சைத் தோள் தக்காளி

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் பாதிக்கு அதுதான் காரணம்.

மலாய் நாட்டில், செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் எனக்குப் புகைவீட்டு வேலை. ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, அடியில் விறகு மூட்டி, நாள்கணக்கில் உலர்த்தும் கொட்டகை அது. மனைவி ஊரிலிருந்து வந்து சேர்ந்த அன்றே எரிந்து விழுந்தேன்.

"ஊர்லேருந்து வர்றவ, வெறுங்கையை வீசிக்கிட்டா வருவே?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒரு பிடிச் சாம்பல், அதற்குள் சீமைத் தக்காளி விதை. "எங்க வீட்டு விதை" என்றாள். நான் அப்படியே அடங்கிப்போனேன்.

அந்தத் தக்காளியை நூறு தக்காளிக்கு நடுவே வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். பரங்கிக்காய் போல ஏழெட்டு மடிப்பு. உடம்பெல்லாம் சிவந்தாலும் காம்பைச் சுற்றிய தோள் மட்டும் கடைசிவரை பச்சையாகவே நிற்கும். ஒரு மழைக்கே வெடித்துவிடும். ரசத்தில் ஒன்றைப் பிசைந்துவிட்டால் புளி வேண்டாம். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டில் காய்த்தது வேறு ஜாதி. கோலிக்குண்டு மாதிரி வழவழவென்று இருக்கும், வாயில் போட்டால் சப்பென்றிருக்கும். "எங்க வீட்டுக்காரி ஊரு விதை, அந்த மண்ணுக்குத்தான் இந்தப் புளிப்பு" என்று கூலிக்காரர் வரிசை வீடுகள் இருந்த லயம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அப்போதெல்லாம் அவள் தலைநிமிராமல் பாத்திரம் தேய்ப்பாள். வெட்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஐந்தாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை இல்லை. வேலை முடிந்து வந்தால் பேச ஆளில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் இரண்டு வார்த்தை பேசுவேன்.

அந்தக் கார்த்திகையில் மழை விடவேயில்லை. செடிகள் வேரோடு அழுக ஆரம்பித்தன. இருந்த பழங்களைப் பறித்து, விதையைச் சாம்பலில் புரட்டித் துணியில் பரப்பினேன். இரண்டு நாளில் பூஞ்சை. ஊரென்றால் சுவரில் அப்பி வெயிலில் காயவிடலாம், இங்கே வெயிலுக்கு எங்கே போவது? புகைவீட்டுக்காரன் புத்தி புகைவீட்டுக்குத்தான் போகும். துணியை முடிந்து ஷீட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டேன். ரப்பர் காயும் சூட்டில் விதை வெந்துபோகும் என்று தெரியாத மடையனா நான்? மடையன்தான். விதைத்ததில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அவளைப் புதைத்த அன்று அழாதவன், அந்த வெறும் பாத்தி முன்னால் உட்கார்ந்து அழுதேன். அவளுடையது என்று என்னிடம் வேறு எதுவும் இல்லை.

அவள் நாற்றுக் கொடுத்தது ஒரே ஆளுக்கு, எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு. தோட்டத்தில் ஆள் குறைத்தபோது அந்தக் குடும்பம் பெக்கோக் பக்கம் போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனேன்.

"அந்தச் செடி அப்பவே போயிருச்சுண்ணே" என்றாள் அந்தப் பெண். "ஒரு தக்காளிக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"அவ ஊரு விதைம்மா. வேற எங்க போய்க் கேப்பேன்?"

கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்குனாங்க. இனிமே என்ன. ஊர்லேருந்து கொண்டாந்த விதை கப்பல்லயே ஈரம்பட்டு வீணாப்போச்சு. ஒண்ணும் முளைக்கல. ஓடைக்கு அந்தாண்ட சீனர் காய்கறித் தோட்டம் இருக்குல்ல, அங்க நாத்து வாங்கித்தான் வருஷா வருஷம் நட்டாங்க. நீங்க கத்துவீங்கன்னு பயம். அப்புறம் நீங்க ஊரெல்லாம் பெருமை பேசவும், சொல்ல வாய் வரல."

திரும்பும் வழியெல்லாம் கோபம் கொதித்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஐந்து வருஷம் ஒரே பாயில் படுத்தவளால், ஒரு தக்காளியைப் பற்றிக்கூட என்னிடம் உண்மை சொல்ல முடியவில்லை. அவள் போன பிறகுதான் தனியாளானேன் என்று புலம்பிக்கொண்டிருந்தேன். என்னோடு இருந்தபோதே அவள் தனியாகத்தான் இருந்திருக்கிறாள்.

மறுநாள் ஓடையைத் தாண்டிப் போனேன். வரிசையாக அதே மடிப்பு, அதே பச்சைத் தோள். வயதான சீனர் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். விதை எந்த ஊர் என்று அரைகுறை மலாயில் கேட்டேன். சிங்கப்பூர்ச் சந்தையில் யாரோ வீசிய அழுகல் பழத்திலிருந்து எடுத்ததாம். அதற்கு முன்னால் எங்கிருந்து வந்ததோ அவருக்கும் தெரியாது. "அந்தத் தமிழ்ப் பெண் இந்த வருஷம் நாற்றுக்கு வரவில்லையே?" என்றார். "மாத்தி" என்றேன். செத்துவிட்டாள் என்பதற்கு எனக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். அவர் எழுந்து, மூன்று நாற்றுகளை மண்ணோடு பெயர்த்து வாழை இலையில் சுற்றிக் கொடுத்தார்.

அவை காய்த்தபோது லயத்துக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி வேலியோரம் நின்று, "எந்த ஊரு விதைண்ணே இது?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரி ஊரு விதை" என்றேன்.