ஜம்பு அண்ணன் எழுதிவைத்த நேரம்

நான் வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம், என் பெயருக்கு எதிரே தாமதக் குறி விழுவது திடீரென்று நின்றுபோனது. பூனாவின் ஹடப்சரில் ஷேர் புரோக்கர் ஸ்ரீவத்சனின் அலுவலகத்தில் டீ போடுவதும் பெருக்கித் துடைப்பதும் என் வேலை. போபோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். ஆட்கள் சீக்கிரம் வரட்டும் என்று முதலாளி சுவர்க்கடிகாரத்தை ஏழு நிமிடம் முன்னால் வைத்திருந்தார். அந்த ஏழு நிமிடத்தில் நான் மாட்டிக்கொள்வேன். மூன்று குறி விழுந்தால் அரைநாள் சம்பளம் போகும்.

கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பியது ஜம்பு அண்ணன் என்பது, முதலாளி அவரை அதட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"தப்பா ஓடற கடிகாரம் என் கண்ணுல படக்கூடாது சார். வேணும்னா உங்க ரூமுக்குள்ள மாட்டிக்குங்க" என்றார் அண்ணன். முந்தின நாள் நான் பதிவேட்டின் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்திருந்தார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அலுவலகத்தில் அவரை யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் யாரையும் பிடிக்காது. கட்கியில் ராணுவ ஒர்க்ஷாப்பில் ரேடியோ பெட்டிகளைப் பழுது பார்த்தவர். அங்கிருந்து வந்து எங்கள் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். காலை ஒன்பதரை, பகல் பன்னிரண்டு, மாலை மூன்றே முக்கால் என மூன்று வேளையும் டெலிபோன் வழியாக டெல்லியில் இருக்கும் அரசாங்கக் கடிகாரத்தின் நேரத்தை வாங்கி, ஷேர் வாங்கி விற்கும் கம்ப்யூட்டரின் நேரத்தோடு ஒத்துப் பார்ப்பார். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வினாடி தள்ளிப்போகும். அதைத் திருத்தி, எத்தனை வினாடி என்று நீல அட்டை நோட்டில் எழுதிவைப்பார். நான் மூன்று வேளை விளக்கேற்றினாலும் அத்தனை ஒழுங்காக ஏற்றுவேனா என்பது சந்தேகம்.

"காகாவோட பூஜை ஆரம்பிச்சாச்சு. மாவ்ஷி, சூடம் கொண்டாங்க" என்பான் கேஷவ். முதலாளியின் அக்கா மகன். ஆர்டர் போடுவது அவன் வேலை. பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவன்; மராத்தி வழக்கப்படி அண்ணனைக் காகா என்றும் என்னை மாவ்ஷி என்றும் கூப்பிடுவான்.

"உன் மூஞ்சிக்குச் சூடம் ஒண்ணுதான் குறைச்சல்" என்பார் அண்ணன், தலையைத் தூக்காமல்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை. விசாலாக்ஷி என்ற ஓய்வுபெற்ற டீச்சரம்மா, இராகு காலத்துக்கு முன்னால், பத்தரைக்குள் தன் பெயரில் ஷேர் வாங்கிவிட வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தார். கேஷவ் பேச்சு சுவாரசியத்தில் மறந்துவிட்டான். நான் டீயோடு அவன் மேஜைக்குப் போனபோது கம்ப்யூட்டர் திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தான். தள்ளிவிட்டு ஆர்டரைப் போட்டான். சீட்டில் பத்து இருபத்தாறு என்று அச்சாகி வந்தது.

"க்யா மாவ்ஷி, அப்படிப் பாக்கறீங்க? டீச்சருக்கு நல்ல நேரம் வேணும், குடுத்துட்டேன்" என்று சிரித்தான்.

இராகு காலம் நானும் பார்க்கிறவள்தான். நேரம் சரியில்லை என்றால் வாசலில் உட்கார்ந்து காத்திருப்பேன். கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு நல்ல நேரம் என்று சாமியிடம் சொல்ல எனக்குத் தோன்றியதில்லை. ஆனாலும் டம்ளரை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவன் கடிகாரத்தைத் திரும்பச் சரிசெய்ய மறந்துபோனான். பன்னிரண்டு மணிக்கு ஜம்பு அண்ணன் பார்த்தார். "எவன்டா கை வச்சவன்?" என்று கேட்டுக்கொண்டே பத்து நிமிடத்தைத் திருத்தி, நோட்டில் எழுதினார்.

செவ்வாய்க்கிழமை டீச்சரம்மா நேரிலேயே வந்துவிட்டார். கையில் இரண்டு காகிதம். எங்கள் சீட்டில் பத்து இருபத்தாறு; பங்குச் சந்தையிலிருந்து வந்த தாளில் பத்து முப்பத்தாறு. "யாரை ஏமாத்தறீங்க, என்னையா, பகவானையா? நான் மேலிடத்துக்கு எழுதப்போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி ஜம்பு அண்ணனையும் கேஷவையும் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நான் உள்ளே டம்ளர் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஜம்பு, கடிகாரம் தானாப் பின்னாடி போயிடுத்து, நான் கவனிக்கலைன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்கோ. விஷயம் முடிஞ்சுடும். வேலையும் இருக்கும்."

"தானா பத்து நிமிஷம் போகாது சார். கை வச்சா அந்த நேரத்தைக் கம்ப்யூட்டரே குறிச்சு வச்சிருக்கும். நானும் நோட்டுல எழுதிட்டேன்."

"அந்தப் பக்கத்தைக் கிழியுங்கோ."

"கிழிக்க மாட்டேன்."

"அரே காகா, பத்து நிமிஷம்தானே. அதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?" என்றான் கேஷவ். "நான் தொடவே இல்ல. மாவ்ஷியக் கேளுங்க, டீ கொண்டாந்தாங்கல்ல."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குக் கம்ப்யூட்டரெல்லாம் என்னங்க தெரியும்" என்றேன்.

"அவளை ஏன்டா இழுக்கறே? அது ஒரு மண்ணும் தெரியாத ஜென்மம்" என்றார் ஜம்பு அண்ணன், வெறுப்போடு.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. மகள் ப்ரீதி நர்ஸிங் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் அங்கேயே இருந்திருக்கலாம். போடவில்லை. "நாளையிலேருந்து வர வேண்டாம்" என்றார் முதலாளி. "இன்னிக்கு மூணே முக்கால் பாத்துட்டுப் போறேன்" என்றார் அண்ணன். அப்படியே இருந்து பார்த்தார், இரண்டு வினாடி திருத்தினார், எழுதினார், நோட்டை மேஜை மேல் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துவிட்டு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டார். கேஷவ் விசிலடித்தான்.

நான் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். கூட்டத்துக்குத் தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, நான் பார்த்தேன். சொல்லியிருக்கணும். எனக்குப் பாவம்தான் வரும்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. பஸ் வருகிற திசையையே பார்த்தபடி சொன்னார்:

"நீ பார்த்தது தெரியும். தினமும் பத்து முப்பத்தஞ்சுக்கு அவன் மேஜைக்கு டீ போகும், ஒரு நாளும் தவறினதில்லை. நோட்டுல அவன் கை வச்ச நேரத்தை மட்டும்தான் எழுதினேன், பக்கத்துல யார் நின்னாங்கன்னு எழுதலை. போ, போய் டம்ளரைக் கழுவு."