பையும் பாதரட்சையும்

அக்குறணையில் மழை தூறுகிறது. கண்டி பஸ்ஸுக்காக ஒரு சப்பாத்துக் கடை வாசலில் ஒதுங்கி நிற்கிறேன். கூப்பிடு தூரத்தில் ஆமிக்காரர் ஒரு பஸ்ஸை மறித்து, ஆட்களை இறக்கி, பைகளை ஒவ்வொன்றாகக் கொட்டிப் பார்க்கிறார்கள்.

என் பை கனக்கிறது. அடுத்த கிழமை ஆபிரிக்காவுக்கு ஊழியத்துக்குப் போகிறேன். சபை தந்த பட்டியல்படி எல்லாவற்றையும் மாத்தளையில் வாங்கியாயிற்று.

கடைக்கார நானா என் பையையே பார்க்கிறார். "தம்பி யாழ்ப்பாணமா?"

"ஓம் நானா."

"பேக்ல என்ன ஈக்கி?"

சேற்றில் நடக்கப் பூட்ஸ், டோர்ச், இரண்டு டசின் பெட்டரி, காயத்துக்குக் கட்டும் துணி, மலேரியாக் குளிசை. சொல்லச் சொல்ல என் கண் ஆமிக்காரர் பக்கம் போகிறது.

நானா குரலைத் தாழ்த்துகிறார். "நீங்க ஆபிரிக்கான்னு சொல்லுவீங்க. ஆமிக்காரன் வன்னியில புலிக்குன்னு சொல்லுவான். எல்லாத்தையும் இங்க வெச்சிட்டுப் போங்க."

"உங்களுக்குக் கரைச்சல் வராதோ?"

"நான் சப்பாத்து விக்கிறவன் தம்பி. கடையில பூட்ஸ் ஈந்தா யார் கேப்பான்?"

ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறேன். கடைசியில் பையையும் கொடுக்கிறேன். கையில் மிஞ்சியது வேதப்புத்தகம்தான்.

ஆண்டவர் தம் சீஷர்களைப் பையும் பாதரட்சையும் இல்லாமல் அனுப்பினார் என்று போன ஞாயிறு கண்டியில் பிரசங்கம் செய்தேன். அதுதான் விசுவாசம் என்றேன். சபையே ஆமென் சொன்னது.

பஸ் வருகிறது. ஆண்டவர் சொன்னபடியேதான் ஏறுகிறேன். விசுவாசத்தால் அல்ல.