இரண்டு கட்டைகளுக்கு நடுவில்

அரிப்பு என்ற எங்கள் கடலோர ஊரில், மாதா கோயில் ஆர்மோனியப் பெட்டியை உப்புக்காற்று தின்றுவிட்டது. அதன் ‘க’ சுரம் இறங்கிப்போய், பெரிய ‘க’வும் இல்லாமல் சின்ன ‘க’வும் இல்லாமல் நடுவில் நின்றது. வேறு ஊரென்றால் பெட்டியைத் திருத்தியிருப்பார்கள். அதை வாசித்த என் மாமா பாட்டைத் திருத்தினார். ஆண்கள் ‘ச’, பெண்கள் ‘ப’, சின்னப்பிள்ளைகள் நாங்கள் நடுவில் அந்தக் கோணல் ‘க’. பிறகு ஆண்கள் கீழே ‘த’வுக்கு இறங்குவார்கள், அதையும் எங்களுக்குப் பொருந்தக் கோணலாக்கி. பெண்கள் ‘ச’வுக்கு வருவார்கள். நாங்கள் அசையமாட்டோம். அழுகையும் இல்லாத, சிரிப்பும் இல்லாத ஓர் ஓசை எழும்பும். உலகம் முழுக்க அப்படித்தான் பாடுகிறது என்று நினைத்திருந்தேன்.

மன்னாரில் கோயில் பாடகர் குழுக்களுக்குப் போட்டி வைத்தார்கள். மேடையில் புதுப் பெட்டி. காலையில் ஒத்திகை பார்த்தபோது எங்கள் ‘க’வும் அதன் ‘க’வும் தெருநாய்கள் மாதிரிக் கடித்துக்கொண்டன. போட்டியை நடத்திய மாஸ்டர் மாமாவைப் பார்த்துக் கேட்டார்:

“அண்ணை, உங்கட சின்னனுகளுக்குக் காதிலயும் உப்போ?”

எல்லோரும் சிரித்தார்கள். மாமா எங்களிடம் வந்தார். “பிள்ளையள், இண்டைக்கு வாயை மட்டும் அசையுங்கோ.”

வாயை அசைக்கவா? அதற்கா லொறியில் குலுங்கி வந்தேன்?

“நான் பாடுவன்.”

“சொல்வழி கேள். கப் போயிடும்.”

எங்கள் முறை வந்தது. பாடினேன். தொண்டை கிழிய, எங்கள் ‘க’வை. மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள். பெட்டி எங்களோடு மல்லுக்கட்டியது. பெண்கள் வரிசையிலிருந்து அம்மா கண்ணால் சுட்டார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடி நிச்சயம் என்று நினைத்தேன்.

அவர் கட்டைகளிலிருந்து கையை எடுத்தார். துருத்தியை மூடினார்.

சண்டை நின்றது. மூன்று குரலும் ஒன்றில் ஒன்று பொருந்தி மண்டபம் அதிர்ந்தது. ஆண்கள் இறங்கினார்கள். பெண்கள் வந்து சேர்ந்தார்கள். நான் அதே இடத்தில் நின்றேன். காலுக்குக் கீழே தரைதான் மாறியது. காலையில் சிரித்த வாய்கள் பிளந்தபடி கிடந்தன. முடிந்ததும் ஆட்கள் கதிரையை விட்டு எழும்பிக் கைதட்டினார்கள். மாஸ்டர் மட்டும் எழும்பவில்லை. எழும்பாவிட்டால் போகட்டும்.

கப்பை வேறு ஊருக்குக் கொடுத்தார்கள். அது தோற்றவர்களுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசு என்று நினைத்துக்கொண்டு நானும் கைதட்டினேன்.

திரும்பும் வழி முழுக்க லொறியில் பாடினோம். எல்லோரையும்விட மாமாதான் சத்தமாகப் பாடினார். பெட்டி இல்லாமல் பாடினால் போட்டியிலிருந்து விலக்கு என்பது விதி. அது எனக்குத் தெரியாது. துருத்தியை மூடும்போது அவருக்குத் தெரியும்.