முறைப் பட்டியலில் இல்லாதவர்

அந்தக் கருவியைத் தினமும் திறக்கிறேன். பிழைப்பு அதில்தான். ஆனாலும் எனக்கு அதைக் கண்டால் ஆகாது. திரையில் பெட்டிகள் வரைந்து நடுவே கோடு இழுத்தால் போதும், டேட்டாபேஸ் அட்டவணைகளை அதுவே கட்டிவிடும். "உலகத்துல இருக்கிறத அப்படியே ஆப்ஜெக்ட் ஆக்கிரலாம்" என்று தேனி அலுவலகத்தில் எங்கள் மேலாளர் பீற்றிக்கொள்வார். மனிதர் ஒரு கிணற்றைக்கூட எட்டிப் பார்த்ததில்லை.

ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சை விவசாயிகள் சங்கத்துக்குத் தண்ணீர் முறைப் பட்டியல் செய்து கொடுத்தோம். அங்கே ஒரு கிணற்றுக்கு மூன்று நான்கு பங்காளிகள். இன்னாருக்கு இன்ன நாள் என்று முறை உண்டு. அன்றைக்கு மோட்டார் அறைச் சாவி அவர் கையில். பங்காளி இறந்துபோனாலும் முறை அவர் பெயரிலேயே ஓடும், மனைவி பாய்ச்சிக்கொள்வார். இது எனக்குத் தெரியாததா? அப்பா போய் வெகுகாலம் அவர் பெயரில்தான் என் அம்மாவும் பாய்ச்சினார். தெரிந்தும், உறுப்பினருக்கு ஒரு பெட்டி, முறைக்கு ஒரு பெட்டி வரைந்தேன். உறுப்பினரை நீக்கினால் அவருடைய முறையும் கூடவே நீங்கும்படி ஒரு டிக் அடித்தேன். டேட்டாபேஸ் சுத்தமாக இருக்குமாம். என் சுத்தத்தில் தீயை வைக்க.

சங்கத்து எழுத்தர் பொறுப்பானவர். இறந்தவர்களையெல்லாம் ஒரே நாளில் நீக்கிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஓர் அம்மா பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"கொழுந்தனாரு சாவி தர மாட்டேங்குறாக தம்பி. லிஸ்ட்டுல இல்லைன்னு சொல்றாக. ரெண்டு முறை போயிருச்சு. பிஞ்செல்லாம் சுருங்கிக் கெடக்கு. இந்த வெள்ளிக்கெழமையும் தண்ணி காட்டலைன்னா கொடியே போயிரும்."

அதே கிணற்றுப் பங்காளியாகப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்துகொண்டு இருபது வருடமாக இவர் வீட்டு முறை ஓடுவதைப் பார்த்தவர் அந்தக் கொழுந்தனார். இப்போது ஒரு தாளைக் காட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார். தூ என்றிருந்தது. அந்தத் தாளை அடித்துக் கொடுத்தவன் நான் என்பது அடுத்த நொடியில்தான் உறைத்தது.

மேலாளர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தலையை மட்டும் நீட்டினார். "புரோகிராம்ல தப்பில்ல. டிசைன்படிதான் வேலை செய்யுது. புதுசா விண்ணப்பம் போடச் சொல்லு, அடுத்த மாசம் ஏத்திரலாம்."

அவரிடம் வாதாடிப் பயனில்லை. பழைய பேக்கப்பைத் திறந்து அந்த அம்மாவுடைய கணவரின் பதிவை எடுத்தேன். 'இறந்தவர்' என்பதை 'நடப்பு உறுப்பினர்' என்று மாற்றி, முறையோடு சேர்த்து அட்டவணையில் நேரடியாக ஏற்றினேன். இறந்தவரை உயிரோடு காட்டினால்தான் உயிரோடு இருப்பவருக்குத் தண்ணீர். இந்த அழகுக்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

"வெள்ளிக்கிழமை சாவி வந்துரும்மா," என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. திரைப் பக்கம் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "இது அவுக பேரு. என் பேரு எங்கன இருக்கு?"

தேடுவதுபோல் பாவனை செய்தேன். தேட ஒன்றுமில்லை. கணவரின் பதிவில் கடைசிக் கட்டம்: வீட்டில் உள்ள பிறர், 1.

அவர் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"இந்த ஒண்ணுதான் நானா தம்பி?"

"ஆமாம்மா," என்றேன். அந்தக் கட்டத்தில் எண்ணைத் தவிர வேறெதுவும் எழுத முடியாதபடி செய்தவன் நான்தான்.