தங்கச்சிய ஏத்தி வந்த கார்

என் தங்கச்சியப் பேயின்னாங்க. அதுக்கு ஒரு பேட்டரி சாட்சி.

அப்ப உத்திரமேரூர்ல எங்க வூட்டுக்காரரு பழைய கார் ஒண்ண வாடகைக்கு ஓட்டிக்கினு இருந்தாரு. கல்யாணம், பிரசவம், ஆஸ்பத்திரின்னு யாருக்கு எது வந்தாலும் அந்தக் காருதான். அது ஓடினாதான் எங்க வூட்ல அடுப்பு எரியும். சவாரி இல்லாத நாள்ல "எங்கம்மே போவணும்?"னு கேப்பாரு. நானு "திருப்புலிவனம்"பேன். அங்கதான் என் தங்கச்சியக் கட்டிக் குடுத்திருந்தோம்.

அவளுக்கு மஞ்சக்காமாலை. கீழாநெல்லி அரைச்சிக் குடுத்தும் அடங்கல, முத்திப் போச்சி. அதே கார்லதான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். என் மடியில தலய வெச்சிக்கினு, "வூட்டுக்கு எப்பக்கா வருவோம்?"னு கேட்டா. சீக்கிரம் வந்துடலாண்டின்னேன். வந்தோம். அதே சீட்டு, அதே மடி. அவதான் பேசல.

பாயி, தலகாணி, பாத்திரம் எல்லாத்தையும் டிக்கில திணிச்சி, மூட முடியாம, மூடியக் கயித்தால இழுத்துக் கட்டிக்கினு வந்தோம். அன்னிக்கு எவனுக்குக் காரு மேல கவனம் இருந்துது?

அவ காரியம் முடியறதுக்குள்ள காரு மக்கர் பண்ண ஆரம்பிச்சிடுச்சி. நல்லா ஓடி வந்து நிக்கும். காலீல சாவியத் திருப்பினா 'டிக்'குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். தெருவுல போறவங்களக் கூப்ட்டுத் தள்ளணும். மெக்கானிக்கு வந்தாரு. டெர்மினல்ல பூத்துக் கெடந்தத சுடுதண்ணி ஊத்திக் கழுவினாரு. டைனமோவக் கழட்டிப் பாத்தாரு. பேட்டரியத் தூக்கிக்கினு போயி சார்ஜ் ஏத்திக் கொண்டாந்தாரு. "பேட்டரி நல்லாத்தாம்மா கீது. எங்கியோ கரண்டு ஒழுவுது, எங்கன்னுதான் புரியல"ன்னாரு. மறுநாளு காலீல அதே 'டிக்'.

மொதல்ல வாயத் தொறந்தது என் மாமியாருதான். "வாழ்ந்து முடிக்காத பொண்ணு. வூட்டுக்கு வரணும் வரணும்னு உசுர வுட்டவ. எங்க போவா? கார்லியே குந்திக்கினு கீறா." உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? வாலாஜாபாத்ல ஒரு கல்யாணத்துக்கு வண்டி பேசியிருந்தவங்க, வேற காரு பாத்துக்கினோம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் ஒருத்தரும் எங்க வாசப்படி ஏறல.

எங்க வூட்டுக்காரரு கெட்டவரு இல்ல. ஆனா பயந்துட்டாரு. வெள்ளிக்கெழம பூசாரி வராரு, வேப்பிலை அடிச்சி, எலுமிச்சம்பழம் நசுக்கி, அவள ஓட்டி வுட்ருவாருன்னு தலயக் குனிஞ்சிக்கினே சொன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம்!

"யோவ், யாரய்யா ஓட்டப் போற? மாமா மாமான்னு உன் பின்னாடியே சுத்தின பொண்ணுய்யா அது. அவள வேப்பிலையால அடிப்பியா நீ?"

"நான் இன்னாம்மே பண்றது? சோத்துக்கு இன்னா வழி, நீயே சொல்லு"ன்னாரு. அவரு கண்ணுலயும் தண்ணி.

வியாழக்கெழம மத்தியானம், மெக்கானிக்கு மறுபடியும் சார்ஜ் ஏத்தின பேட்டரிய மாட்டிட்டுப் போனாரு. நாளைக்குப் பூசை, காரக் கழுவி வைடின்னு மாமியாரு உத்தரவு. சாப்ட்டுட்டு, வாய்க்குள்ளயே திட்டிக்கினு போயி டிக்கியத் தொறந்தேன். மூலையில துணியப் போட்டுத் துடைச்சேன். சுரீர்னு சுட்டுச்சி கை.

அங்க ஒரு பல்பு. சாமான் ஏத்தறப்போ வெளிச்சம் வேணும்னு, ப்ரேக் லைட்டுக்குப் போடற பெரிய பல்பா எங்க வூட்டுக்காரரே மாட்டினது. தொறந்தா எரியும். மூடினா, மூடி போயி சுவிச்ச அழுத்தி அணைஞ்சிடும். மெக்கானிக்கும் டிக்கியத் தொறந்து பாத்தவருதான். தொறந்தா எரியணும், எரிஞ்சிச்சி. மூடினப்புறம் உள்ள யாரு பாத்தா? ஆனா நான் இப்பத்தான தொறந்தேன், அதுக்குள்ள இப்டி சுடுமா?

"யோவ், இங்க வாய்யா!"ன்னு கத்தினேன். பொடவையத் தூக்கிச் சொருவிக்கினு டிக்கிக்குள்ள ஏறி, கால மடக்கிப் படுத்துக்கினேன்.

"மூடு."

"பைத்தியமாம்மே புட்ச்சிகீது உனக்கு?"

"மூடுன்றேன்ல!"

மூடினாரு. பெட்ரோல் நாத்தம், மூச்சு முட்டுது, முட்டி வந்து மோவாயில இடிக்குது. ஆனா இருட்டு மட்டும் இல்ல. பல்பு ஜெகஜோதியா எரியுது. அண்ணாந்து மூடியப் பாத்தேன். சுவிச்ச அழுத்தற ரப்பர் கட்டையக் காணோம், அது இருந்த ஓட்டைதான் கீது. தொழாவினேன். ஸ்டெப்னிக்கு அடியில கெடந்துது. அன்னிக்குக் கயித்தப் போட்டு இழுத்துக் கட்டினமே, அதுல பிஞ்சி வுழுந்திருக்கு. பாவி பல்பு, அன்னிலேர்ந்து மூடின டிக்கிக்குள்ள எரிஞ்சி எரிஞ்சி பேட்டரியக் குடிச்சிருக்கு.

அன்னிக்கு சாயங்காலமே அந்தக் கட்டைய எடத்துல வெச்சி முடுக்கிட்டோம்.

வெள்ளிக்கெழம காலீல பூசாரி வர்றதப் பாக்க தெருவே கூடிக்கினு நின்னுது. அவரு வர்றதுக்குள்ள எங்க வூட்டுக்காரரு சாவியத் திருப்பினாரு. ஒரே இழுப்பு, இன்ஜின் பிடிச்சிக்கிச்சி.

"இப்ப சொல்லுங்க! எங்க கீறா என் தங்கச்சி? இந்தக் கார்ல கீறாளா?"ன்னு தொண்ட கிழியக் கேட்டேன்.

மாமியாருதான் கிட்ட வந்து என் கையப் புடிச்சாங்க. "இல்லடிம்மா. அவ பூட்டா"ன்னாங்க.

ஜெயிச்சிட்ட தெம்புல பின் கதவத் தொறந்து, அவ தலய மடியில ஏந்திக்கினு வந்த எடத்துல போயி குந்தினேன். அது வெறும் சீட்டு. கார்ல கீறா, கார்ல கீறான்னு ஊரு சொன்னப்போ எல்லாரையும் திட்டினேன். ஆனா தெனம் யாருக்கும் தெரியாம அந்த சீட்டத் தடவிக் குடுத்துக்கினுதான் இருந்தேன் நானு.

எங்க வூட்டுக்காரரு இன்ஜின அணைக்காம, அந்த சந்தோசத்துல திரும்பிப் பாத்து, "எங்கம்மே போவணும்?"னாரு.

"திருப்புலிவனம்"னு வாயில வந்துடுச்சி. அங்க யாரு கீறா இனிமே?