சாகன் தடத்தில் ஒரு தலைகீழ் இறக்கை

எங்கள் மகள் நித்யாவுக்குப் புனேயில் மென்பொருள் வேலை. விடுமுறை நாட்களில் நண்பர்களோடு சேர்ந்து பந்தயக் கார் கட்டுகிறாள். ஒருவர் மட்டும் உட்காரும், சக்கரங்கள் மூடப்படாத கார். அதன் முன் இறக்கை அவள் வடிவமைத்தது. தசராவுக்கு மறுநாள் சோதனை ஓட்டம். "வளைவுல ஒழுங்கா திரும்பலைன்னா என் இறக்கையைக் கழட்டிருவாங்கம்மா" என்று போனில் சொன்னாள். நானும் அவள் அப்பாவும் கோவையில் ரயிலேறினோம்.

புனேயில் தாபோடி என்ற பகுதியில் அவள் வீடு. நித்யா முன்னாலேயே போய்விட்டாள். நாங்கள் காலை ஆறரைக்கு வாடகைக் கார் பிடித்தோம். சாகன் ஊருக்குப் பக்கத்துத் தனியார் பந்தயத் தடத்துக்கு இருபத்தைந்து கிலோமீட்டர், எழுநூறு ரூபாய். "ரேஸ் காரா ஆன்ட்டி? எங்க ரோட்டுக் குழியில ஓட்டிக் காட்டச் சொல்லுங்க" என்று இந்தியில் சிரித்தார் ஓட்டுநர்.

தசராவன்று இங்கே வண்டிகளுக்கும் கருவிகளுக்கும் பூஜை. முன் இறக்கையின் மேல் செண்டுமல்லிச் சரம் இன்னும் இருந்தது.

விமான இறக்கை மேலே தூக்கும். இது அதையே கவிழ்த்து வைத்தது. காரைத் தரையோடு அழுத்தும், டயர் பிடித்துக்கொள்ளும். ஒரு கரண்டியைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அதன் முதுகைக் குழாய்த் தண்ணீரில் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளாது, தன் பக்கம் இழுக்கும். கவிழ்த்த இறக்கையின் வளைந்த முதுகு அடிப்பக்கம். அங்கே விரையும் காற்றுதான் இழுக்கிறது. ஆறு வயது நித்யா எங்கள் கோவைச் சமையலறையில் இதையே ஓயாமல் செய்வாள். "சிறுவாணித் தண்ணி கண்ணு, வீணாக்காதே" என்பார் இவர், அவள் அப்பா.

நித்யா ஓட்டினாள். வளைவில் கார் திரும்பாமல் புல்லுக்குள் போனது. இரண்டாவது சுற்றிலும் அதேதான். அவள் நண்பன் அமோல் ஸ்பானரை எடுத்துவிட்டான். "விங் நிகால்தே ஹை, நித்யா" என்றான். இறக்கையைக் கழட்டிவிடலாமாம்.

"ஏக் மினிட்" என்று தடுத்தவள், காரில் பொருத்தியிருந்த காமிராவின் படத்தைப் பார்த்தாள். காற்றின் போக்கு தெரிய இறக்கையின் அடியில் கம்பளி நூல்துண்டுகள் ஒட்டியிருந்தார்கள். படிந்து கிடக்கவேண்டிய நூல்கள் தாறுமாறாகத் துடித்தன. குனிந்து கையை விட்டாள். நசுங்கிய செண்டுமல்லிச் சரம் டேப்போடு வந்தது.

"யாரு இதை அடியில ஒட்டினது?"

"நான்தான் கண்ணு" என்றார் இவர். "பூஜைப் பூவைக் கழட்ட மனசு வரல. மேல இருந்தா காத்தை மறிக்குமேன்னு..."

"ஏனுங்க, நம்ம வீட்டுல தண்ணி கரண்டியை எந்தப் பக்கம் இழுத்துச்சு?" என்றேன்.

"நான் எங்க கரண்டியைப் பாத்தேன்? தண்ணி போறதையில்ல பாத்தேன்!"

நித்யாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். இந்த முறை கார் கோடு போட்டதுபோல் வளைந்தது. அமோல் ஸ்பானரைப் பெட்டிக்குள் போட்டான்.

போக நினைப்பவர்களுக்கு: தடத்தில் முன்னனுமதி வேண்டும். தொப்பி, குடிநீர், காதுக்குப் பஞ்சு எடுத்துச் செல்லுங்கள்; பக்கத்தில் கடை இல்லை. திரும்பும் காரையும் முன்பே பேசிவிடுங்கள்.

அன்று மாலை தாபோடி வீட்டில் காப்பி டம்ளரைக் கழுவப் போன மனிதர் வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தோம். குழாயைத் திறந்துவிட்டு, கரண்டியைத் தொங்கவிட்டபடி நின்றிருந்தார். தண்ணீர் வீணாகிறது என்று நானும் சொல்லவில்லை, நித்யாவும் சொல்லவில்லை.